பயணத்தில் வங்கி விவரங்கள்: தாளிலா, கைத்தொலைபேசியிலா, வீட்டில் ஒருவரிடமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து தமிழ்நாட்டுக்கு யாத்திரை செல்வோர் பெரும்பாலும் குழுவாகவே செல்கின்றனர். கோலாலம்பூரில் விமானம் ஏறித் திருச்சியில் இறங்கி, பழனி, மதுரை, இராமேஸ்வரம் என்று பத்து நாள் சுற்றிவரும் அந்தப் பயணத்துக்கு எங்கள் கோயில் குழுவின் பெயர்ப் பட்டியல், விசா விண்ணப்பம், விமானச் சீட்டு ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கடப்பிதழை எங்கே வைப்பது, எவ்வளவு ரூபாய் மாற்றிக்கொள்வது என்று எல்லாரும் கேட்பார்கள். வங்கிக் கணக்கு எண், அட்டை எண், பின் (PIN) எண், காப்புறுதிப் பத்திர எண், அவசரத்துக்கு வங்கியை அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எந்த வடிவில் கொண்டுபோவது என்று கேட்பவர் அரிது. இந்த முறை என் அத்தை கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காக ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்த்ததே இக்கட்டுரை.

அத்தைக்கு வயது 68. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சேமநிதியிலிருந்து எடுத்த பணம் முழுவதும் ஒரே வங்கிக் கணக்கில் இருக்கிறது. எதையெல்லாம் எடுத்துப் போகப் போகிறார் என்று பார்க்க, அவருடைய சுருக்குப்பையை மேசை மேல் கொட்டச் சொன்னேன். அடையாள அட்டை, அதன் நகல் இரண்டு, ஏ.டி.எம். அட்டை, அந்த அட்டையைச் செருகியிருந்த பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் நீல மையில் ஆறு இலக்கங்கள் எழுதியிருந்தன; மை பாதி அழிந்து, மீண்டும் ஒருமுறை அதன் மேலேயே எழுதப்பட்டிருந்தது. அவை அவருடைய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள். நம் நாட்டு அடையாள அட்டை எண் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குகிறது. நம் வங்கி அட்டைகளின் பின் எண்ணுக்கும் ஆறு இலக்கமே. இரண்டும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிடுவதால் பிறந்த தேதியையே பின் எண்ணாக வைத்துக்கொண்டவர்களை எங்கள் குழுவில் பலமுறை பார்த்திருக்கிறேன். உறையில் எழுதாமலே இருந்திருந்தாலும், அந்தச் சுருக்குப்பை கையில் கிடைத்தவன் இரண்டு மூன்று முயற்சியில் கணக்கைத் திறந்திருப்பான்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயணத்தில் நமக்குத் தேவைப்படும் பண விவரங்கள் இரண்டு வகைப்படும். பின் எண், இணைய வங்கியின் கடவுச்சொல், பணம் அனுப்பும்போது குறுஞ்செய்தியில் வரும் ஒப்புதல் எண்ணான டி.ஏ.சி. ஆகியவை பணப் பெட்டியைத் திறப்பவை. வங்கியின் தொலைபேசி எண், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், காப்புறுதிப் பத்திர எண், கடப்பிதழ் எண் ஆகியவை பெட்டி தொலைந்துவிட்டது என்று சொல்லி உதவி கேட்பதற்கானவை. முதல் வகை எவ்வளவு குறைவான இடங்களில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டாம் வகை எவ்வளவு அதிகமான இடங்களில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எங்கள் குழுவில் நான் கண்ட தவறுகள் ஏறத்தாழ எல்லாமே இவ்விரண்டையும் ஒரே பையில், ஒரே தாளில், ஒரே கைத்தொலைபேசியில் கலந்து வைத்ததால் வந்தவை.

கைத்தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் வழியைத்தான் இன்று பெரும்பாலோர், குறிப்பாக நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள், தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எங்கே கைவிடுகிறது என்பதை என் அத்தானின் அனுபவத்தில் நேரில் பார்த்தேன். மதுரையில் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் ஹால் ரோட்டில் உள்ள விடுதிக்கு ஆட்டோவில் வந்தோம். இறங்கும்போது மடியில் வைத்திருந்த கைத்தொலைபேசியை இருக்கையிலேயே விட்டுவிட்டார். விடுதி வாசலில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தபோது ஆட்டோ கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது. வங்கிச் செயலி அதில்தான் இருந்தது. அட்டையின் படமும், கணக்கு எண்ணும், எங்கள் எல்லாருடைய தொலைபேசி எண்களும் அதில்தான் இருந்தன. பையில் ஏ.டி.எம். அட்டை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலிருந்த இயந்திரத்தில் போட்டால், மறுத்துவிட்டது. நம் நாட்டு வங்கிகள் பற்று அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடியே வைத்திருக்கின்றன. நாம் கேட்டால்தான் திறப்பார்கள். அத்தான் கேட்கவில்லை, அதைத் திறப்பதற்கான செயலியோ அப்போது ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தது.

கணக்கில் பணம் இருந்தது, ஒரு காசும் திருடுபோகவில்லை. ஆயினும் மீதி ஆறு நாளும் அவரால் அதைத் தொட முடியவில்லை. காரணத்தைப் பலர் அறியாமல் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இணைய மோசடிகள் பெருகியதை அடுத்து 2022-ஆம் ஆண்டு நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்குச் சில கட்டுப்பாடுகளை அறிவித்தது. குறுஞ்செய்தி டி.ஏ.சி. முறையிலிருந்து செயலிவழி ஒப்புதலுக்கு மாற வேண்டும். ஒரு வாடிக்கையாளர் ஒரே ஒரு கருவியில் மட்டும் அந்த ஒப்புதலை வைத்துக்கொள்ளலாம். புதிய கருவியைப் பதிவுசெய்தால் சில மணி நேரம் காத்திருந்த பிறகே பயன்படுத்தலாம். திருடனைத் தடுப்பதற்காக வந்த இந்த ஏற்பாடுகள் மிகவும் தேவையானவை. நான் அவற்றை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் அவற்றின் மறுபக்கம், கருவியைத் தொலைத்த உரிமையாளரும் வாசலுக்கு வெளியே நிற்க நேர்கிறது. புதிய கைத்தொலைபேசி வாங்கினாலும் பதிவுசெய்ய நம் நாட்டு எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வர வேண்டியிருக்கும். அந்தச் சிம் அட்டையும் அதே ஆட்டோவில் போயிருக்கும். மாற்றுச் சிம் வாங்க ஊர் திரும்பி, அடையாள அட்டையோடு கடைக்குப் போக வேண்டும்.

அன்று எங்களுக்குக் கைகொடுத்தது அக்காவின் கைப்பையில் இருந்த ஒரு தாள். பிள்ளையின் பள்ளிப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்தது; நான்காக மடித்து, சீனி வாங்கிய பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். அதில் வங்கியின் அவசர எண் +60 என்று நாட்டுக் குறியீட்டோடு தொடங்கி எழுதியிருந்தது. அத்தானின் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும், காப்புறுதி நிறுவனத்தின் எண்ணும், ஊரிலிருக்கும் மகளின் எண்ணும் இருந்தன. ரகசியம் எதுவும் அதில் இல்லை. விடுதி மேலாளரின் தொலைபேசியிலிருந்து அழைத்தோம். இருபது நிமிடத்தில் இணைய வங்கிச் சேவை முடக்கப்பட்டது. நாட்டுக் குறியீட்டை எழுதிய அக்காவின் முன்யோசனையை இன்றும் வியக்கிறேன். நம் நாட்டில் மோசடிக்கு ஆளானவர்கள் உடனே அழைக்க 997 என்ற எண் 2022 முதல் இருக்கிறது. உள்ளூரில் அது அரிய உதவி. ஆனால் இத்தகைய குறுகிய எண்களை வெளிநாட்டிலிருந்து அழைத்தால் கிடைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணும் அட்டையோடு சேர்ந்து தொலைந்துவிடும்.

தாள் என்றால் பழைய காலத்து வழி என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். அதற்கு மின்னூட்டம் வேண்டாம், இணையம் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் எடுத்துப் படித்து உதவலாம் என்பவை பெரிய பலங்கள். அதன் பலவீனம், கண்ணில் பட்டவன் எவனும் படிக்கலாம் என்பது; ஆகவே ரகசியத்தைத் தாளில் எழுதுவது முற்றிலும் தவறு. பின் எண்ணை அட்டையில் எழுதுவதையும் அட்டையோடு சேர்த்து வைப்பதையும் வங்கிகள் தங்கள் நிபந்தனைகளிலேயே தடை செய்கின்றன. அப்படி வைத்துப் பணம் போனால் இழப்பு நம் தலையில் விழக்கூடும். தண்ணீரும் தாளுக்குப் பகை. இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடும்போது குழுவே தலைமுதல் கால்வரை நனைந்துவிடும். யாரோ ஒருவர் கரையில் உட்கார்ந்து எல்லாருடைய பைகளையும் பார்த்துக்கொள்வார். ஒரே தாளும் அந்தப் பைக்குள், அட்டையும் அந்தப் பைக்குள் என்றால், அந்த ஒருவரின் கண் அயர்ந்த நேரத்தில் இரண்டும் போய்விடும். ஆகவே தாள் இரண்டு பிரதி; ஒன்று தன்னிடம், மற்றொன்று குழுவில் நம்பிக்கைக்குரிய இன்னொருவரிடம்.

தாளுக்குப் பதிலாக அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தனக்கோ பிள்ளைக்கோ அனுப்பிவைப்பது இப்போது பரவலாகிவிட்ட பழக்கம். உதவி கேட்கும் விவரங்களுக்கு இது ஏற்கத்தக்கதே. மகளின் கைத்தொலைபேசியில் என் கடப்பிதழ் முதல் பக்கத்தின் படம் இருப்பது எனக்கு நன்மையே. ஆனால் அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்புகிறவர்களை நான் ஒவ்வொரு முறையும் தடுக்கிறேன். அட்டை எண், காலாவதி நாள், பின்புறத்து மூன்று இலக்கங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பல இணையக் கடைகளில் பொருள் வாங்க அதுவே போதும். அந்தப் படம் அனுப்பியவரின் படத்தொகுப்பிலும், பெற்றவரின் படத்தொகுப்பிலும், கூகள் டிரைவ் போன்ற இருவருடைய மேகச் சேமிப்பிலும் தங்கிவிடுகிறது. அனுப்பியவர் தம் கருவியில் அழித்தாலும் மற்ற இடங்களில் அழிவதில்லை. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும், உண்மையில் செயலியை நிறுவிவிடும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்து கைத்தொலைபேசியையே பறிகொடுத்தவர்கள் இந்த நாட்டிலும் இந்தியாவிலும் உண்டு. அப்படிப் பறிபோகும் கருவியில் உங்கள் அட்டையின் படம் இருக்குமானால், உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லாமலே உங்கள் பணம் ஆபத்துக்கு உள்ளாகிறது.

மின்னஞ்சலிலோ கூகள் டிரைவிலோ வைத்துவிட்டால் எந்தக் கணினியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்று என் தம்பி மகன் வாதிட்டான். அவன் ஈப்போவில் கணினித் துறையில் வேலை செய்கிறவன், அவனுக்குத் தெரியாததில்லை. ஆயினும் நான் கேட்ட கேள்விக்கு அவன் சற்று யோசிக்க வேண்டியிருந்தது: புதிய கணினியில் நுழையும்போது கூகள் கேட்கும் இரண்டாம் சரிபார்ப்பு எங்கே வரும்? தொலைந்துபோன அதே கைத்தொலைபேசிக்குத்தான். இதற்குக் கூகளே ஒரு தீர்வு வைத்திருக்கிறது. கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் எட்டு இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்தினை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரே முறை செல்லும். கடவுச்சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் குறியீடுகளில் இரண்டினை மட்டும் தாளில் எழுதி வேறு பையில் வைத்தால் மேகச் சேமிப்பு உண்மையிலேயே பயன்படும். ஆனால் விடுதி வரவேற்பறைக் கணினியிலும் இணைய மையத்திலும் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது. அங்கே நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவுசெய்யும் மென்பொருள் இருக்கிறதா இல்லையா என்பதை அறிய நமக்கு வழியில்லை.

பல கணக்குகளும் பல கடவுச்சொற்களும் உள்ளவர்களுக்குக் கடவுச்சொல் பெட்டகச் செயலிகளே சிறந்த வழி என்று நான் கருதுகிறேன். பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு போன்றவை எல்லா ரகசியங்களையும் மறைகுறியாக்கி ஒரு முதன்மைக் கடவுச்சொல்லின் கீழ் பூட்டி வைக்கின்றன. பிட்வார்டனில் ஏற்கெனவே நுழைந்திருக்கும் கருவியில் இணையம் இல்லாமலும் படித்துக்கொள்ளலாம். அறிமுகமில்லாத ஊரில் அது பெரிய உதவி. 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் திருடப்பட்டதை அறிந்தவர்கள் தயங்குவது நியாயமே. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், முதன்மைக் கடவுச்சொல் நீளமாகவும் வேறெங்கும் பயன்படுத்தாததாகவும் இருக்க வேண்டும் என்பது. பெட்டகம் களவுபோனாலும் திறக்க முடியாமல் காப்பதில் அதற்கே பெரும்பங்கு. ஒன்பாஸ்வேர்டு நிறுவனமே அவசரக் குறிப்பு ஒன்றை அச்சிட்டுப் பத்திரப்படுத்தச் சொல்கிறது. அத்தையின் வயதினருக்கு மட்டும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே கணக்கு, ஒரே அட்டை உள்ளவருக்கு நீண்ட கடவுச்சொல் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்கச் சொன்னால், அதையும் சுருக்குப்பைக்குள் எழுதி வைப்பார்.

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் விவரங்களை விட்டுப்போவது தோட்டத்து மக்களுக்கு இயல்பாக வரும் வழி. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன பழக்கம் லயத்து வீடுகளில் வளர்ந்த எல்லாருக்கும் உண்டு. அந்த நம்பிக்கையின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. உதவி கேட்கும் விவரங்களை மகளிடமோ, நான்காம் படிவத்தில் படிக்கும் பேரனிடமோ கொடுத்துவைத்தால், நள்ளிரவில் ஓர் அழைப்பில் கடப்பிதழ் எண்ணைப் படித்துச் சொல்ல ஒருவர் இருப்பார். பின் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவைப்பது வேறு. பிள்ளையின் மேல் ஐயம் இல்லாவிட்டாலும், கணக்கில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால் நீங்களே ரகசியத்தைப் பகிர்ந்தீர்கள் என்பது உங்களுக்கு எதிராக நிற்கும். பிள்ளையும் தேவையில்லாத சந்தேகத்துக்கு ஆளாகும். அத்தையிடம் இதைச் சொன்னபோது, ‘என் பேரனை நான் நம்பாமல் வேறு யாரை நம்புவது, தம்பி?’ என்று கேட்டார். பேரனைக் காப்பதற்காகவே கொடுக்க வேண்டாம் என்கிறேன் என்று விளக்கிய பிறகே ஒப்புக்கொண்டார்.

ரொக்கமாகவே எடுத்துப்போய்விட்டால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம் என்பவர்களும் குழுவில் உண்டு. 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு இந்திய அரசு 500, 1000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அப்போது மடியில் கட்டுக்கட்டாக நோட்டு இருந்தும் கையில் பணமில்லாத நிலை யாத்திரை சென்றவர்களுக்கும் வந்தது. 2023 மே மாதத்தில் 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. சென்ற பயணத்தில் மிஞ்சிய நோட்டுகளை அலமாரியில் வைத்திருப்பவர்கள் புறப்படுவதற்கு முன் அவற்றை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

ரொக்கத்துக்கும் முழுக் கணக்குக்கும் நடுவே, முன்பணம் நிரப்பிய அட்டை இருக்கிறது. பயணத்துக்கு வேண்டிய தொகையை மட்டும், ஆயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ வெள்ளி (ரிங்கிட்), அதில் போட்டுக்கொண்டால், அட்டையும் பின் எண்ணும் சேர்ந்து திருடுபோனாலும் இழப்பு அத்தொகையோடு நின்றுவிடும்; சேமநிதிப் பணம் இருக்கும் கணக்கின் அட்டையை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வரலாம். பிக்பே, வைஸ் போன்ற அட்டைகளை இளையவர்கள் இதற்காகவே வைத்திருக்கிறார்கள். வங்கி வைப்புகளுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதிக் கழகமான பி.ஐ.டி.எம். அளிக்கும் காப்புறுதி இத்தகைய மின் பணப்பைகளுக்குக் கிடையாது என்பதால், அவற்றில் பெருந்தொகையை நிரந்தரமாக வைத்திருப்பது சரியல்ல. ஹாட்யாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் நம் டூயிட்நவ் கியூஆர் முறையில் அங்குள்ள கடைகளில் பணம் செலுத்தலாம். தமிழ்நாட்டில் பூக்காரர் வரை கியூஆர் அட்டை வைத்திருந்தாலும் அது யூ.பி.ஐ. என்ற வேறு முறை. நம் செயலி அங்கே வேலை செய்துவிடும் என்று எண்ணிப் புறப்பட வேண்டாம்.

இனி முடிவுக்கு வருகிறேன். தம்பி மகனுக்குப் பெட்டகச் செயலியும், இரண்டு மாற்றுக் குறியீடுகள் எழுதிய தாளும் போதும். அத்துடன் நம் நாட்டுச் சிம் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இந்தியச் சிம்மைப் போடாமல், இரண்டையும் ஒரே கருவியில் வைத்திருக்கச் சொன்னேன். முன்கட்டண எண்ணாக இருந்தால் அது காலாவதியாகாமல் பணம் நிரப்பியிருக்க வேண்டும். வங்கிச் செயலியில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் முடக்கும் கில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஊரிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அத்தானுக்கு, அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் வாரத்திலேயே திறந்து, திரும்பிய மறுநாளே மூடும்படி நாட்காட்டியில் குறித்துக்கொடுத்தேன்.

அத்தைக்கு நான் தேர்ந்தெடுத்தது, ரகசியம் இல்லாத தாள் இரண்டு பிரதி, பேரனிடம் அதே தாளின் படம், கையில் முன்பண அட்டை ஒன்று, பெரிய கணக்கின் அட்டை அலமாரியில். தாளில் வங்கி எண், காப்புறுதி எண், பேரனின் எண், கடப்பிதழ் தொலைந்தால் அணுக வேண்டிய சென்னை மலேசியத் துணைத் தூதரகத்தின் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். கண்ணாடி இல்லாமலும் அவரால் படிக்க முடிகிறது. அடையாள அட்டை நகல்களைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பின் எண்ணே மிச்சமிருந்தது. இரண்டு அட்டைக்கும் பிறந்த தேதி வேண்டாம், எந்த ஆவணத்திலும் இல்லாத, ஆனால் மறக்க முடியாத எண்ணாக இருக்கட்டும் என்றேன். உதாரணத்துக்குப் பழைய லயத்து வீட்டு எண்ணையும் முதன்முதல் வேலைக்குப் பெயர் பதிந்த ஆண்டையும் சொன்னேன். நான் சொன்னதையே வைக்கக் கூடாது, தாமாக ஒன்றை யோசிக்க வேண்டும் என்றும் சொன்னேன். மறுநாள் காலை பசியாறிவிட்டு இருவரும் பட்டணத்து வங்கிக்குப் போனோம். இயந்திரத்தின் முன் அத்தை வெகுநேரம் நின்றார். நான் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். பொத்தான்கள் ஆறு முறை ஒலித்தன; சற்று இடைவெளி விட்டு மீண்டும் ஆறு முறை. வெளியே வந்ததும் பழைய பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, எழுத்திருந்த பாதியை மட்டும் தனியே எடுத்துச் சுக்குநூறாக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.